முற்றத்து மண்ணில் தேனீ துளையிட்டால்: படிப்படியான முழு வழிகாட்டி

முற்றத்திலோ பாத்தியோரத்திலோ சிறு சிறு துளைகள் தோன்றி, அவற்றின் மேல் தேனீக்கள் தாழப் பறப்பதைக் கண்டவுடன், பெரும்பாலான வீடுகளில் கடைசிக்கும் கடைசியாகச் செய்ய வேண்டிய காரியத்தை முதலில் செய்துவிடுகிறார்கள். பூச்சி எது என்று பார்ப்பதற்கு முன்பே எறும்புப் பொடியோ மண்ணெண்ணெயோ துளைக்குள் போய்விடுகிறது. உள்ளே இருப்பது தனித்தேனீ (கூட்டமாக அல்லாமல் தனித்து வாழும் தேனீ) என்றால் அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. கூட்டமாக வாழும் பெரிய குளவியான கதண்டு என்றால் மருந்து ஊற்றியவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம்: இடத்தைப் பிரிப்பது, கவனிப்பது, இனம் காண்பது, முடிவெடுப்பது, அதற்குப் பிறகே மண்ணில் கை வைப்பது.

இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டு வீட்டு முற்றங்களையும் தோட்டங்களையும் மனத்தில் கொண்டவை. இணையத்தில் எளிதில் கிடைக்கும் குறிப்புகளுள் பல அமெரிக்கத் தோட்டங்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் அடிக்கடி வரும் பம்பிள் தேனீயும் யெல்லோஜாக்கெட் குளவியும் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால், இங்கே இல்லாத பூச்சிக்குப் பயந்துகொண்டு, இங்கே இருக்கும் கதண்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

1. முன்கூட்டித் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

பாதம் முழுவதையும் மூடும் காலணி, வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, நான்கு குச்சிகள், கொஞ்சம் கயிறு, பூவாளி, ஒரு கண்ணாடி டம்ளர், கேமரா உள்ள கைபேசி ஆகியவை போதும். தேனீ வளர்ப்பவர்கள் அணியும் முகவலை தேவையில்லை. அதை அணிந்துதான் அருகே போக முடியும் என்ற நிலை இருந்தால், அது நீங்கள் செய்ய வேண்டிய வேலையே அன்று.

பொருள்களைவிட முக்கியமானது ஒரு கேள்வி. வீட்டில் யாருக்காவது முன்பு தேனீயோ குளவியோ கொட்டி, கொட்டிய இடத்தைத் தவிர உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்ததுண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், பின்னால் 6ஆம் படியில் எடுக்கும் முடிவு அதனாலேயே மாறும். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கு 101 என்ற எண்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

2. இடத்தைப் பிரித்து வைத்தல்

துளைகளைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளி நான்கு குச்சிகளை ஊன்றிக் கயிறு கட்டிவிடுங்கள். தனித்தேனீயாக இருந்தால் இவ்வளவு தூரம் தேவையில்லை. ஆனால் அது தனித்தேனீதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. கயிற்றைப் பின்னர் உள்ளே நகர்த்திக்கொள்ளலாம்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. வெறுங்காலால் மிதிபடும் தேனீதான் கொட்டும் என்பதால் குழந்தைகளையும் நாயையும் விலக்கி வைக்க வேண்டும். அடுத்து, பெருக்கியும் மிதித்தும் மண் கலைந்துவிட்டால் துளையைச் சுற்றியுள்ள புது மண், வாயின் வடிவம் முதலிய அடையாளங்கள் அழிந்துபோகும். இனம் காண்பதற்கு அவைதான் ஆதாரம்.

கயிறு கட்டும்போதே ஒரே வாயிலிருந்து பல பூச்சிகள் வெளியே வருவதையோ பெரிய குளவிகள் உங்களை நோக்கி வந்து வட்டமிடுவதையோ கண்டால், குச்சியை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாங்கி, 5ஆம் படிக்குச் செல்லுங்கள். புல்வெட்டும் இயந்திரம், மண்வெட்டி, கடப்பாரை ஆகியவை இந்த நாட்களில் அந்தப் பக்கம் போகவே கூடாது. தரை அதிர்வது கூட்டமாக வாழும் குளவிகளை எளிதில் சீண்டிவிடும்.

3. துளைகளைக் கவனித்தல்

வெயில் உள்ள நாளில், காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையே கவனிப்பது நல்லது. மேகமூட்டமான நாளிலும் மழை பெய்யும்போதும் பெரும்பாலான தனித்தேனீக்கள் வெளியே வருவதில்லை. அப்படிப்பட்ட நாளில் எட்டிப் பார்த்துவிட்டு, போய்விட்டது என்று நினைத்து மறுநாள் அங்கே களை எடுக்க உட்காருபவர்கள் பலர்.

பூச்சிகள் வந்து போகும் வழிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். மண்ணில் கூடு கட்டும் தேனீ, தன் துளையை அருகிலுள்ள கல், செடி, தொட்டி ஆகியவற்றை வைத்தே நினைவில் கொள்கிறது. அந்த வழியில் நீங்கள் போய் நின்றாலோ, முந்தைய நாள் இருந்த தொட்டியை நகர்த்தி வைத்தாலோ, திரும்பி வரும் தேனீ வழி தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பறக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தாக்குதல் என்று எண்ணித் துண்டை வீசத் தொடங்குகிறார்கள். உண்மையில் அது வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இரண்டடி விலகினால் நேரே துளைக்குள் இறங்கிவிடும்.

இப்போது ஒரே ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து, 20 நிமிடம் அதை மட்டும் பாருங்கள். எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். குறித்துக்கொள்ள வேண்டியவை இவை: அந்தத் துளையை எத்தனை பூச்சிகள் பயன்படுத்துகின்றன, உள்ளே போகும் பூச்சியின் காலிலோ வயிற்றின் அடியிலோ மஞ்சள் மகரந்தம் ஒட்டியிருக்கிறதா, அல்லது அது வெட்டுக்கிளி, புழு போன்ற இரையைத் தூக்கி வருகிறதா, அல்லது வெறுங்கையோடு வருகிறதா, துளையின் வாயில் புது மண் குவிந்திருக்கிறதா, துளை ஏறத்தாழ எவ்வளவு அகலம்.

இவற்றுள் முதல் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல துளைகள் இருந்து, துளைக்கு ஒரு பூச்சி வீதம் வந்து போனால் அவை தனித்து வாழ்பவை. ஒரே துளையில் இடைவிடாமல் பல பூச்சிகள் வருவதும் போவதுமாக இருந்தால் உள்ளே ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதற்குக் காவலும் இருக்கும். முற்றத்தில் 40 துளைகள் இருப்பதைக் கண்டு அஞ்சி, வேலியோரத்தில் இருக்கும் ஒற்றைத் துளையைப் பொருட்படுத்தாமல் விடுவது இயல்பாக எல்லோரும் செய்வது. ஆபத்தோ பெரும்பாலும் அந்த ஒற்றைத் துளையில்தான் இருக்கிறது.

பூச்சி எதுவும் வராத துளைகளையும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பிறை வடிவில் அகலமாக வாய் உள்ள வளை தேளுடையதாக இருக்கலாம். வாயில் மெல்லிய நூல் படலம் இருந்தால் சிலந்தி. புனல் போன்ற பள்ளம் குழியானை. சுருள் சுருளாக மண் கிடந்தால் அது மண்புழுவின் எச்சம். சந்தேகமுள்ள சிறு துளையின் மேல் மாலையில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, காலையில் வெயில் ஏறும்போது தூரத்தில் இருந்து பார்த்தால் உள்ளிருந்து வந்தது எது என்று தெரிந்துவிடும். பார்த்தவுடன் டம்ளரை எடுத்துவிட வேண்டும். வெயிலில் அது சூடேறிப் பூச்சியைக் கொன்றுவிடும். எலி வளை அளவுக்குப் பெரிய துளையில் இதைச் செய்யாதீர்கள். அதில் பாம்பும் இருக்கலாம், கதண்டும் இருக்கலாம்.

4. இனம் காணல்

அறிவியல் பெயர் வரை போக வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றுள் எந்த வகை என்று தெரிந்தால் அடுத்த படிக்குப் போதுமானது.

*நீலப்பட்டைத் தேனீ.* நம் தோட்டங்களில் மண்ணிலும் மண்சுவரிலும் துளையிடுபவற்றுள் கண்ணில் எளிதில் படுவது இதுதான். பெட்டியில் வளர்க்கப்படும் அடுக்குத்தேனீயைவிடச் சற்றுப் பருமனாக, மார்பில் செம்பழுப்பு மயிரும், கறுத்த வயிற்றில் நீலமோ வெளிர்நீலமோ ஆன பட்டைகளுமாக இருக்கும். துளை ஒரு பென்சில் நுழையும் அளவு. பறக்கும்போது சீறும் ஓசை கேட்கும். ஒரு பூவின் முன் அந்தரத்தில் நின்று, சட்டென்று விலகி, மறுபடி நிற்கும். மாலையில் துளசி போன்ற செடிகளின் காய்ந்த காம்புகளை உற்றுப் பாருங்கள்: ஆண் தேனீக்கள் காம்பைத் தாடையால் கவ்வியபடி, கால்களை மடக்கிக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக உறங்கும். ஆண்களுக்குக் கொடுக்கு இல்லை.

*வியர்வைத் தேனீ.* எறும்பைவிடச் சற்றே பெரியது முதல் சிறு ஈ அளவு வரை உள்ள மெலிந்த தேனீக்கள். துளை மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி நுண்ணிய மண் சிறு குவியலாக இருக்கும், நடுவில் வாய். இவற்றுள் சில இனங்களில் இரண்டு மூன்று பெண் தேனீக்கள் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்வதுண்டு. ஒரு துளைக்கு ஒரு பூச்சி என்ற விதிக்கு இது விலக்கு. ஆனால் உருவம் சிறியது என்பதால் குழப்பம் வராது. வாயிலருகே குனிந்து பார்த்தால், சில நேரம் துளையே இல்லாதது போலத் தோன்றும். காவல் நிற்கும் தேனீ தன் தலையையே மூடியாக வைத்து அடைத்திருப்பதுதான் காரணம். வெளியே போன தேனீ திரும்பி வந்ததும் தலை உள்ளே இழுக்கப்பட்டு, வழி திறந்து, மறுபடி அடைபடும்.

*தோண்டும் குளவி.* ஒடுங்கிய இடை, மயிரில்லாத பளபளப்பான உடல், நீண்ட கால்கள். வெட்டுக்கிளியையோ புழுவையோ மயக்கித் தூக்கி வரும். தோற்றம் அச்சுறுத்தினாலும் இதுவும் தனித்து வாழ்வதே. கூட்டைக் காக்க மனிதரைத் துரத்துவதில்லை. புல்தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வட்டமிடும் மயிரடர்ந்த கறுப்புக் குளவிகள் வேறொரு வகை. அவை மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களைத் தேடுகின்றன. வேர்ப்புழுத் தொல்லை உள்ள தோட்டத்துக்கு அவை வேண்டியவை.

*அடுக்குத்தேனீ.* பெட்டியில் வைத்து வளர்க்கப்படும் நம் நாட்டுத் தேனீ. மரப்பொந்தை விரும்பினாலும், கைவிடப்பட்ட கரையான் புற்றுக்குள்ளும் கல்லிடுக்குக்குள்ளும் கூடு வைப்பதுண்டு. ஒரே வாயில், ஓயாத போக்குவரத்து, பின்னங்காலில் மகரந்த உருண்டை ஆகியவை அடையாளம்.

*கதண்டு.* செய்தித்தாள்கள் விஷ வண்டு என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம், கருத்த உடல், வயிற்றின் முற்பகுதியில் அகன்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை. இதில் ஒரு வகை மரத்திலும் புதரிலும் தொங்கு கூடு கட்டும். மற்றொரு வகை புற்று, எலி வளை, மரவேரடிப் பொந்து போன்ற மறைவிடங்களில் கட்டும். பின்னதுதான் முற்றத்தில் மண் தேனீ என்று தவறாக எண்ணப்படுவது.

மரச்சட்டத்தில் துளையிடும் பெரிய கருவண்டு மண்ணில் கூடு வைப்பதில்லை. சுவரில் ஈர மண்ணைக் கொண்டு வந்து பூசும் குளவியும் மண்ணைத் தோண்டிக் குடியிருப்பதில்லை. இவ்விரண்டும் இந்த வழிகாட்டிக்கு வெளியே.

5. கூட்டமாக வாழ்பவை என்றால்

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது விலகி நிற்பதும் தகவல் கொடுப்பதும் மட்டுமே.

கதண்டு என்றால் 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். துளை இருக்கும் இடம், அருகே உள்ள மின்கம்பி, கூரை, மாட்டுக் கொட்டகை, ஆட்கள் வந்து போகும் வழி ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவர்கள் வரும் வரை அந்தப் பக்கம் விளக்குப் போடுவதையும், புகை மூட்டுவதையும், கல்லெறிந்து சோதிப்பதையும் தவிர்க்க வேண்டும். கதண்டு ஒன்று பலமுறை கொட்ட வல்லது. கூட்டமாக வந்து கொட்டினால் மரணம் நேரலாம்.

அடுக்குத்தேனீ என்றால் அழிக்க வேண்டியதில்லை. தேனீ வளர்ப்பவர் ஒருவர் மாலையில் வந்து அடைகளைச் சட்டத்தில் கட்டிப் பெட்டிக்கு மாற்றிவிட முடியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மற்ற மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டால், அருகில் தேனீ வளர்ப்பவர்களைப் பற்றித் தகவல் கிடைக்கக்கூடும்.

எப்போதாவது கூட்டம் கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேர்கோட்டில் ஓடி, கதவடைத்த அறைக்குள் சென்றுவிடுங்கள். நின்ற இடத்திலேயே கையை வீசி அடிப்பது இன்னும் பலவற்றை வரவழைக்கும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்கக் கூடாது. மூச்சுக்காகத் தலையை வெளியே நீட்டும்போது கொட்டு விழும், நீச்சல் தெரியாதவருக்கு நீரே எமன்.

6. தனித்தேனீ என்றால்: விடுவதா, விலக்குவதா

பெரும்பாலான வீடுகளில் சரியான முடிவு விட்டுவிடுவதுதான். ஒரு பெண் தேனீ தானே தோண்டி, தானே மகரந்தம் சேர்த்து, ஓர் அறைக்கு ஒரு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகிறது. காப்பதற்குக் குடியிருப்பும் இல்லை, தேன் சேமிப்பும் இல்லை. கையில் பிடித்தாலோ மிதித்தாலோ அன்றி அது கொட்டுவதில்லை. ஒரு தேனீயின் கூடு கட்டும் காலமும் சில வாரங்களே.

காய்கறி போடுபவர்களுக்கு இதில் நேரடி ஆதாயமும் உண்டு. தக்காளி, கத்தரி ஆகியவற்றின் பூவில் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டு, நுனியில் உள்ள சிறு வாய் வழியே மட்டுமே வெளிவரும். நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதை உதிர்க்கிறது. பெட்டித் தேனீயால் இது முடியாது. கத்தரிச் செடியருகே சீறும் ஓசை திடீரென்று சுருதி ஏறி ஒலித்தால் இந்த வேலைதான் நடக்கிறது.

விலக்க வேண்டிய நிலைகளும் உண்டு: ஒவ்வாமை உள்ளவர் தினமும் நடக்கும் வழி, தவழும் குழந்தை விளையாடும் இடம், வாசற்படியை ஒட்டிய மண், விரைவில் தளம் போட வேண்டிய பகுதி. வெறும் அருவருப்பும் அண்டை வீட்டாரின் பேச்சும் இந்தப் பட்டியலில் வரமாட்டா என்பது என் கருத்து.

7. விட்டுவிடும்போது செய்ய வேண்டியவை

கயிற்றைத் துளைகளுக்கு ஒரு மீட்டர் வரை நகர்த்தி, நடைபாதையை மறுபக்கம் மாற்றுங்கள். வழியை மாற்ற இரண்டு செங்கல்லும் ஒரு பூந்தொட்டியும் போதும். ஆனால் அவற்றைத் துளைகளுக்கு மிக அருகில் வைக்காதீர்கள். அடையாளம் மாறினால் தேனீ குழம்பும் என்று முன்பே கண்டோம்.

அந்த இடத்தில் கொத்துவதையும் உழுவதையும் நிறுத்தி வையுங்கள். களை எடுப்பதானால் பொழுது சாய்ந்தபின் கையால் கிள்ளி எடுங்கள். நீர் பாய்ச்சும்போது துளைகள் மேல் நீர் தேங்காமல் பாத்தியின் கரையைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் கரையானுக்கு மருந்து அடிக்க ஏற்பாடு இருந்தால், வருபவரிடம் இந்த இடத்தைக் காட்டி ஒதுக்கச் சொல்ல வேண்டும். குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை மண்ணில் ஊற்றினால், அங்கேயே தோண்டி அங்கேயே குஞ்சு வளர்க்கும் தேனீக்குத் தப்பும் வழி கிடையாது. சொல்லாவிட்டால் மருந்தடிப்பவர் கண்ணில் பட்ட துளைகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டுத்தான் போவார்.

8. விலக்குவதற்கான காலமும் முறையும்

இங்கே தவறுவது முறையில் அன்று, காலத்தில்தான். துளையைச் சுற்றிப் புது மண் குவிந்திருக்கிறது, ஆனால் தேனீயின் காலில் மகரந்தம் இல்லை என்றால், அது இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறது. விலக்குவதற்கு இதுவே ஏற்ற நேரம். மகரந்தம் சுமக்கத் தொடங்கிவிட்டால் அறைகளில் முட்டை விழத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் அந்தத் தேனீயைத் துரத்தினாலும் மண்ணுக்குள் இருப்பவை இருக்கும், சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் வெளிவரும்.

தோண்டும் நிலையில் இருந்தால்: தினமும் காலையில் வெயில் ஏறுமுன் பூவாளியால் அந்த இடம் முழுவதையும் நனையுங்கள். இத்தேனீக்கள் உலர்ந்த, வெயில் படும், செடியற்ற, நீர் வடியும் மண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. மண் தொடர்ந்து ஈரமாக இருந்தால் வேறிடம் தேடிப் போகும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை விடாமல் செய்ய வேண்டும். இரண்டு நாள் நனைத்துவிட்டு மூன்றாம் நாள் விட்டால், ஈரம் சுண்டி மண் பதமாகி முன்னைவிடத் தோண்டுவதற்கு எளிதாகிவிடும். குழாயை நேரே துளைக்குள் நீட்டி வெள்ளம் பாய்ச்ச வேண்டாம். நோக்கம் மேல்மண்ணை ஈரமாக வைப்பதே.

நாள்தோறும் சாணம் தெளித்துப் பெருக்கும் வாசலில் இந்தத் துளைகளை அரிதாகவே காண முடிவதற்கும் இதே ஈரமும் இதே இடையூறுமே காரணம்.

மகரந்தம் சுமக்கும் நிலையில் இருந்தால்: காத்திருங்கள். வெயிலுள்ள நாட்களில் போக்குவரத்து முழுவதும் ஓய்ந்த பிறகு, அந்த இடத்தை மூன்று விரல் கனத்துக்குச் சருகு, வைக்கோல் அல்லது தென்னைநார்க் கழிவால் மூடுங்கள். அடியில் வளரும் இளந்தேனீக்கள் தளர்வான மூடாக்கைத் துளைத்து வெளியே வர முடியும்; ஆனால் வெற்று மண்ணைத் தேடிவரும் பெண் தேனீக்கு அந்த இடம் பிடிக்காது. பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் உள்ளே இருப்பவை சிக்கிச் சாகும்.

நிலையான தீர்வு, தரையை வெறுமையாக விடாமல் இருப்பதுதான். வெயில் படும் இடத்தில் அருகம்புல்லும் பொடுதலையும் நன்கு படர்ந்து தரையை மூடும். ஈரமுள்ள இடத்தில் வல்லாரை.

மண்சுவரிலும் பழைய சுண்ணாம்புக் காரையிலும் துளை இருந்தால், சுவர் விழுந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். நகத்தால் கீறினாலே உதிரும் காரையில்தான் தேனீ துளையிடும்; ஆகவே காரை முன்பே நைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், நைந்ததற்குக் காரணம் அன்று. போக்குவரத்து ஓய்ந்து, அடுத்த தலைமுறையும் வெளியேறிய பின்னர், உதிரும் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து பூசுங்கள். தேனீ உள்ளே இருக்கும்போது துளை வாயை மட்டும் சிமெண்டால் அடைத்தால், அது பக்கத்தில் இன்னொரு துளை போட்டு வெளியே வரும். ஒரு துளை இரண்டாகும்.

தளம் போடும் வேலையைத் தள்ளிப்போட முடியாது என்றால், மண்ணுக்குள் இருப்பவை அழியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். அறைகளை மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் வைப்பது எளிதன்று. தோண்டும்போதே பெரும்பாலான அறைகள் நொறுங்கிவிடும்.

9. மாற்றிடம் அமைத்தல்

விலக்குவதற்கு முன்பே மாற்றிடம் தயாராக இருந்தால் தேனீ தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்க வாய்ப்பு உண்டு. நீலப்பட்டைத் தேனீக்குக் களிமண் கட்டி ஏற்றது. ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இதைப் பரவலாகச் செய்கிறார்கள். களிமண்ணும் மணலும் கலந்து பிசைந்து, உடைந்த மண்தொட்டியிலோ நான்கு அங்குலக் குழாய்த் துண்டிலோ இறுக்கி நிரப்பி, நிழலில் காய வையுங்கள். பாதி காய்ந்ததும் பென்சிலால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சில துளைகள் குத்துங்கள். நன்கு காய்ந்தபின் நகத்தால் கீறிப் பாருங்கள். மண் உதிர வேண்டும். கீறல்கூட விழவில்லை என்றால் களி மிகுதி; மணலைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். தொட்டதும் பொலபொலவென்று கொட்டினால் மணல் மிகுதி.

கட்டியைப் படுக்கை வாட்டில், துளைகள் வெளியே பார்க்கும்படி, மழைச்சாரல் படாத இறவாணத்தின் கீழ், பழைய துளைகளுக்கு அருகிலேயே வையுங்கள். வியர்வைத் தேனீக்கு இது உதவாது. அதற்கு வெயில் படும் இடத்தில் ஒரு முழ உயரத்துக்கு மணல் கலந்த மண் திட்டு போதும். இரண்டுமே உறுதியான பலன் தருபவை அல்ல. வராத ஆண்டும் உண்டு.

10. கொட்டிவிட்டால்

அடுக்குத்தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி, நஞ்சைத் தொடர்ந்து இறக்கும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுப்பது என்பதே முக்கியம். குளவியும் கதண்டும் கொட்டினால் கொடுக்கு பொதுவாகத் தங்காது. இல்லாததைத் தேடிக் கிள்ள வேண்டாம். சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். விரலில் கொட்டியிருந்தால் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவும் வழக்கத்தை விட்டுவிடலாம். அது தோலைப் புண்ணாக்கும்.

மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடனே 108. அட்ரினலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து; அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும் உடனே 108தான்.

கதண்டோ தேனீக் கூட்டமோ பல இடங்களில் கொட்டியிருந்தால், அப்போதைக்கு நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும். நஞ்சின் அளவு மிகுந்தால் தசையும் சிறுநீரகமும் சில மணி நேரம் கழித்தே பாதிக்கப்படலாம். சிறுநீர் குறைவதும் அடர்நிறமாவதும் அதன் அறிகுறிகள்.

11. அடிக்கடி நேரும் மற்றத் தவறுகள்

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம் இருக்க, கிணறும் ஆழ்துளைக் கிணறும் உள்ள அதே முற்றத்தில் எண்ணெயை மண்ணுக்குள் இறக்குகிறோம்.

எறும்புப் பொடி தூவுவது. தேனீ தன் அறைகளின் உட்புறத்தை நீர் புகாத மெல்லிய பூச்சால் மெழுகி, மேலே மண்ணால் மூடிவிடுகிறது. வாயில் தூவிய பொடி தாயைக் கொல்லுமே தவிர, மூடிய அறைகளுக்குள் பெரும்பாலும் போய்ச் சேராது. அடுத்த தலைமுறை அங்கிருந்தே கிளம்பும். பொடி ஒட்டிய தேனீ பறந்து போய் உங்கள் கத்தரிப் பூவிலும் அதைப் படியவிடும்.

வெந்நீர் ஊற்றுவது. மேல்மண் வேகும், அருகிலுள்ள செடியின் வேர் வேகும். ஆழத்தில் உள்ள அறைகளை அடைவதற்குள் நீர் ஆறிவிடும்.

மூடாக்குப் போட்டுவிட்டு மறந்துவிடுவது. சருகும் வைக்கோலும் ஒரு மழைக்காலத்திலேயே மக்கி மெலிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் நிலைக்கும் நாட்களில் ஒரு முறை முற்றத்தைச் சுற்றி வந்து, மண் தெரியும் இடங்களில் மூடாக்கைப் புதுப்பித்துவிடுங்கள். புதுத் துளை தென்பட்டால் 3ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். போன முறை இருந்தது நீலப்பட்டைத் தேனீ என்பதால் இந்த முறை இருப்பதும் அதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.